மூன்றே கோட்டில் ஒரு பூனை!

முதுகுக்கு ஒரே வளைவு. காதுக்கு இரண்டு முனை. மூடிய கண்ணுக்கு ஒரு கீற்று. அவ்வளவுதாங்க, பூனை முடிந்தது! ரோமம் இல்லை, நிழல் இல்லை, பின்னால் ஜன்னலோ பாயோ எதுவும் இல்லை, வெறும் தாள். ஆனால் அந்தப் பூனை தூங்குகிறது. தூங்குவது மாதிரி இருக்கிறது என்று சொல்லவில்லை, தூங்குகிறது என்கிறேன். வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், கவலையில்லை. மூச்சு விட்டால் விழித்துவிடுமோ என்று நானே என் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், வயது போன காலத்தில் இதெல்லாம் தேவையா என்று யாராவது கேட்டால் தேவைதான் என்று அடித்துச் சொல்வேன்.

அந்தப் பூனை 1797-இல் படுத்தது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன், அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. ஜப்பானில் எடோ என்று ஒரு நகரம் இருந்தது, அதுதான் இன்றைய டோக்கியோ. அங்கே குவகதா கெய்சாய் என்று ஓர் ஓவியர் இருந்தார். அவர் வெளியிட்ட மரச்செதுக்கு அச்சுப் புத்தகம் ஒன்றின் பெயர் 'சோஜூ ரியாகுகாஷிகி'. பறவைகளையும் விலங்குகளையும் சுருக்கமான கோடுகளில் எப்படி வரைவது என்று காட்டும் மாதிரிப் புத்தகம். படம் பழகுகிறவர்கள் பார்த்துப் பார்த்து வரைய வேண்டும் என்பதற்காகப் போட்டது. அதாவது, நம் பள்ளிக்கூடத்து ஓவிய நோட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய சாமான்! அதைப் போய் நான் கோயில் சிலையைப் பார்ப்பதுபோல் கண்ணில் நீர் கோத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றால், தப்பு என் மேல் இல்லை, அந்த மனுஷன் மேல்தான்.

நான் அதை முதலில் கையில் வாங்கியது டோக்கியோவின் ஜிம்போச்சோவில். பழைய புத்தகக் கடைகளின் பேட்டை அது, நூற்றுக்கும் மேல் கடைகள். பெரிய தெருவின் தென்புறமாகத்தான் கடைகள் வரிசை கட்டி நிற்கும், எல்லாம் வடக்கு பார்த்த வாசல், வெயில் நேராக விழுந்து புத்தக முதுகை வெளுக்க விடக்கூடாது என்பதற்காக. புத்தகத்துக்காக வாசல் திசை பார்த்துக் கடை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதுமே எனக்கு அந்த ஊர் மேல் பாதிக் காதல் வந்துவிட்டது. மீதிப் பாதிக்குக் காரணம் அங்கே சந்துக்குச் சந்து இருக்கும் கறிச்சோற்றுக் கடைகள், ஆனால் அது வேறு கட்டுரை. டோக்கியோவில் வேலை பார்க்கும் நண்பன்தான் கூட்டிப்போனான். "சும்மா ஒரு எட்டு பாத்துட்டு சாப்பிடப் போயிடலாம்டா" என்றான் பாவம், அவனுக்கு என்ன தெரியும், அன்று அவன் சாப்பிட்டபோது பொழுது சாய்ந்திருந்தது.

கற்பனை செய்துகொள்ளுங்கள். குறுகலான கடை. தரையிலிருந்து உத்தரம் வரை அடுக்கு. பழைய தாளுக்கென்றே ஒரு வாசனை உண்டே, கொஞ்சம் வைக்கோல், கொஞ்சம் மழை நின்ற பிறகு வரும் மண், அடியில் எங்கோ மைவாசம், அது முகத்தில் வந்து மோதுகிறது. கல்லாவில் ஒரு பெரியவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். நண்பன் அவரிடம் மரியாதையாகக் குனிந்து ஏதோ கேட்கிறான். அவர் உள்ளே போய், ஒரு தட்டையான பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருகிறார். கை கழுவி நன்றாகத் துடைத்திருக்கிறதா என்று சைகையில் கேட்கிறார். கையுறை கூடாது, அந்த மெல்லிய தாளைப் புரட்ட விரல் நுனியின் உணர்ச்சி வேண்டும். பின்னாளில் மறுபடி அச்சான பிரதிதான் இது, ஓரத்தில் பூச்சியும் அரித்திருக்கிறது என்று வாங்குகிறவன் கேட்பதற்கு முன்பே குறையைச் சொல்கிறார். நல்ல மனுஷர். நான் எங்கே அதையெல்லாம் கேட்டேன்! பெட்டி திறந்துவிட்டதே!

தாளைத் தொட்டேன். அடடா, அதைத் தாள் என்று சொல்லவே கூசுகிறது. கோஸோ என்ற முசுக்கட்டை இனச் செடியின் பட்டையிலிருந்து எடுத்த நாரால் செய்தது, துணியைப் போல மடங்குகிறது, ஆனால் எளிதில் கிழியாது. ஒவ்வொரு தாளிலும் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, அச்சு வெளியே தெரியும்படி இரண்டாக மடித்து, மடிப்பை வெளிப்புறமாகவும் திறந்த விளிம்பை உள்ளேயும் வைத்து நூலால் தைத்திருக்கிறார்கள். புரட்டும்போது ஒவ்வொரு இதழும் உள்ளே காற்றை வைத்துக்கொண்டு லேசாக உப்பி, பொதுக்கென்று அமர்கிறது. சத்தம்கூட இல்லை. நான்தான் சத்தம் போட்டேன்.

ஏனென்றால் நாய்க்குட்டிகள் வந்துவிட்டன.

ஐயோ, அந்தக் குட்டிகள்! ஒன்றன் மேல் ஒன்று விழுந்து புரண்டு, எந்தக் கால் எதனுடையது என்று தெரியாமல், அப்போதுதான் ஆவியிலிருந்து இறக்கிய கொழுக்கட்டைகளைத் தட்டில் கொட்டியது மாதிரிக் கிடக்கின்றன. ஒரு குட்டிக்கு முதுகு மட்டும்தான் தெரிகிறது, ஒரே ஒரு கனத்த வளைவு, அதன் முனையில் வால் என்ற பேரில் ஒரு துளி. முகமே காட்டாத அந்தக் குட்டிதான் எல்லாவற்றிலும் போக்கிரி என்பது எனக்கு எப்படித் தெரிந்தது? கோடே அப்படிப் போகிறது, தொடங்குகிற இடத்தில் தடித்து, நடுவில் மெலிந்து, கடைசியில் ஒரு வெட்டு வெட்டி நிற்கிறது, அந்த வெட்டிலேயே குட்டியின் திமிர் முழுதும் உட்கார்ந்திருக்கிறது! நான் கைதட்டினேன். கடைக்குள், நூற்றாண்டுகள் தூங்கும் அந்த அமைதிக்குள், மீசை வைத்த ஒரு தமிழன் கைதட்டினான். "டேய், மெதுவா. பெரியவர் பாக்கிறாரு" என்று நண்பன் முழங்கையால் இடித்தான். பெரியவர் பார்த்தார்தான். ஆனால் அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை.

அடுத்த பக்கம் புரட்டுங்கள், புரட்டுங்கள், நிற்காதீர்கள். முயல்கள். உட்கார்ந்திருக்கும் முயலுக்குக் கன்னத்திலிருந்து பிட்டம் வரை ஒரே இழுப்பு, அதன் மேல் நீளமாக இரண்டு காது, அவ்வளவில் அதன் பயம் முழுக்க வந்துவிட்டது, பக்கத்தில் நீங்கள் தும்மினால் பாய்ந்துவிடும். குரங்குகள், ஒன்று தலையைச் சொறிகிறது, அதன் தோள் எங்கே முடிந்து கை எங்கே தொடங்குகிறது என்று ஓவியர் சொல்லவே இல்லை, நாமாகவே கண்டுகொள்கிறோம். மாடு, அசைபோடுகிற கனமான தாடை. குதிரை, முன்னங்காலை மடக்கிக்கொண்டு. மான். காக்கைகள், வெறும் கறுப்புத் திட்டும் அலகும், ஆனால் தலையைச் சாய்த்து நம்மை எடைபோடும் அந்தக் கள்ளப் பார்வை அப்படியே. சிட்டுக்குருவிகள் ஒரு கூட்டமாக, ஒன்று இறங்குகிறது, ஒன்று எழும்புகிறது, ஒன்று மற்றொன்றோடு சண்டைக்கு நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் செலவழித்த மை ஒரு சொட்டுகூட இருக்காது. கொக்கு, கழுத்து ஒரே வீச்சில். இறகு விரித்த நாரை, இரண்டு வளைவு, நடுவில் வெள்ளைத் தாள், அந்த வெள்ளைத் தாள் பறக்கிறது!

எலிகளைப் பற்றி இப்போதைக்கு வாயைத் திறக்க மாட்டேன். எலிகளுக்குத் தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

இப்போது நான் சொல்ல வருவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், என்னால் பொறுமையாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. அந்தப் பூனையின் உடம்பு எதனால் ஆனது? முதுகுக் கோட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றுமே அச்சடிக்கவில்லை. வெறும் தாள்தான். கோட்டுக்கு வெளியே இருப்பதும் அதே தாள்தான். ஆனால் உள்ளே இருக்கும் தாள் மெத்து மெத்தென்று சூடாக இருக்கிறது, வெளியே இருக்கும் தாள் தரையாகக் குளிர்ந்து கிடக்கிறது. அடேயப்பா, ஒரே தாள்! ஒரே நார்! ஒரு வளைவைப் போட்டு ஒரு பக்கத்தை உயிராகவும் மறுபக்கத்தை வெளியாகவும் பிரித்துவிட்டார். சில இடங்களில் அந்த வளைவும் முழுசாக இல்லை, பாதியில் விட்டுவிட்டார், வயிற்றுப் பக்கம் கோடே இல்லை, மீதியை நம் கண்ணே வரைந்துகொள்கிறது. நாம் வரைந்து முடிப்பதால்தான் அது நம் பூனையாகிவிடுகிறது. விட்டுவிட்ட இடத்தில்தான் உயிர் இருக்கிறது என்று இத்தனை வருஷமாகப் படம் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை, இந்தச் சின்னப் புத்தகம் நெற்றியில் தட்டிச் சொல்லிக் கொடுத்தது. ரோமம் ரோமமாக வரைந்த எத்தனையோ புலி, சிங்கங்களை நான் பார்த்திருக்கிறேன், வியந்திருக்கிறேன், ஆனால் ஒன்றும் என்னை மூச்சைப் பிடித்து நிற்க வைத்ததில்லை. அவற்றில் எனக்கு வேலையே மிச்சம் வைக்கவில்லையே!

வண்ணமும் அப்படித்தான். பளபளவென்று எதுவும் கிடையாது. தண்ணீர் கலந்த சாம்பல், தேய்ந்த செம்மண், மங்கிய நீலம் என்று தொட்டும் தொடாமலும். ஒரு குட்டியின் முதுகில் மட்டும் ஒரு செம்மண் திட்டு, கோட்டுக்குள் சரியாக அடங்கக்கூட இல்லை, கொஞ்சம் வழிகிறது. அந்த வழிசல்தான் குட்டியைக் குட்டியாக்குகிறது!

சரி, இப்போது உங்களை உலுக்கப் போகிறேன், உட்கார்ந்திருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். இவையெல்லாம் தூரிகையால் நேரே தாளில் போட்ட கோடுகள் இல்லை. மரத்தில் செதுக்கியவை! ஒவ்வொன்றும்! நினைத்துப் பாருங்கள், கெய்சாய் தூரிகையை மையில் தோய்த்துக் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு வளைவு போடுகிறார், சர்ரென்று, முடிந்தது. அந்த மெல்லிய தாளைச் செதுக்குகிறவர் வாங்கி, மலைச்செர்ரி மரப் பலகை மேல் முகம் கவிழ்த்து ஒட்டுகிறார், தாளின் முதுகை விரலால் தேய்த்துத் தேய்த்து உரித்து நார் மட்டும் மிஞ்ச விடுகிறார், கோடு இடவலம் மாறிக் கண்ணாடியில் தெரிவதுபோல் பலகையில் தெரிகிறது. பிறகு கத்தி. கோட்டின் ஒரு ஓரமாக நெடுக ஓட்டி, பலகையைத் திருப்பி, மறு ஓரமாக நெடுக ஓட்டி, இரண்டு வெட்டுக்கும் நடுவில் அந்தக் கோட்டை ஒரு மெல்லிய வரப்பாக நிறுத்தி, சுற்றியிருக்கும் மரத்தை எல்லாம் உளியால் கொத்திக் கொத்தி எடுத்துவிட வேண்டும். ஓவியர் ஒரு மூச்சில் போட்ட வளைவை இவர் இரண்டு கரையாகப் பிரித்து, அங்குலம் அங்குலமாக, கை நடுங்காமல், மரத்தின் நரம்போட்டம் கத்தியை இழுத்துக்கொண்டு போகாமல் செதுக்கியிருக்கிறார், கோடு தடிக்கிற இடத்தில் தடித்து, மெலிகிற இடத்தில் மெலிந்து, தூரிகை வறண்டு பிசிறடித்த இடத்தில் அந்தப் பிசிறைக்கூட, ஆமாங்க, அந்தப் பிசிறைக்கூட மரத்தில் வெட்டி! ஒரு விநாடி வேகத்தை எத்தனையோ நேரத்துப் பொறுமையால் செய்திருக்கிறார்கள்! அந்தக் குட்டியின் வாலில் இருக்கும் திமிரான வெட்டு, ஓவியரின் மணிக்கட்டில் பிறந்தது, ஆனால் செதுக்கியவரின் கண்ணில் தங்கி, கத்தி முனையில் நடந்து, இருநூறு வருஷம் தாண்டி என் முன்னால் வந்து ஆடுகிறது. அதிலும் ஒன்று கேளுங்கள், ஒட்டிய அந்தத் தாள், கெய்சாயின் கை பட்ட அந்தக் கோடு, செதுக்கும்போதே மரத்தூளோடு சேர்ந்து போய்விடும். அசல் என்று ஒன்று மிஞ்சாது. மரம்தான் அசல். மரத்திலிருந்து எழுந்த ஒவ்வொரு தாளும் அசல். இதைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, கையை நீட்டி நண்பனிடம் காட்டினேன், "பாருடா, பாருடா" என்று. அவன் பசியில் இருந்தான்.

இன்னும் முடியவில்லை. வண்ணத்துக்கு வண்ணம் தனிப் பலகை. தாள் இம்மியும் நகராமல் உட்கார, பலகையின் மூலையிலும் ஓரத்திலும் சின்னப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள், அதில் தாளின் விளிம்பை முட்டவைத்துக் கிடத்த வேண்டும். இயந்திரம் எதுவும் கிடையாது. பலகையில் தூரிகையால் மை பூசி, ஈரப்பதமாக வைத்த தாளைக் கவிழ்த்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தட்டு ஒன்றால் முதுகில் தேய்க்கிறார்கள். அந்தத் தட்டுக்குப் பரேன் என்று பெயர். உடல் எடையை உள்ளங்கைக்குக் கொண்டுவந்து, வட்டம் வட்டமாக. மை தாளின் மேல் உட்கார்வதில்லை, நாருக்குள் இறங்கிவிடுகிறது. பெரியவர் ஒரு காரியம் செய்தார் பாருங்கள், மடித்த இதழின் உள்வயிற்றை மூங்கில் குச்சியால் மெல்ல விரித்து எட்டிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். தாளின் மறுபக்கம்! பூனை அங்கேயும் இருக்கிறது, இடவலம் மாறி, மங்கலாக, கோடு அழுந்திய இடமெல்லாம் மேடாக! எடோவில் யாரோ ஒருவருடைய உள்ளங்கையின் அழுத்தம் அது! தொட்டுப் பார்க்கலாமா என்று கண்ணாலேயே கேட்டேன். தலையாட்டினார். விரல் நுனியில் அந்த மேடு தட்டுப்பட்டபோது என் வாயிலிருந்து வந்த ஒலிக்குத் தமிழிலும் ஜப்பானிய மொழியிலும் எழுத்து கிடையாது.

யார் இந்தக் கெய்சாய்? கேட்காமல் விட்டாலும் சொல்லத்தான் போகிறேன். 1764-இல் எடோவில் பிறந்தவர், பாய் முடைகிற குடும்பத்துப் பிள்ளை. வீட்டுத் தரையில் விரிக்கும் ததாமிப் பாய் செய்வது அப்பாவின் தொழில். கிதாவோ ஷிகெமசா என்ற ஓவியரிடம் சீடனாகச் சேர்ந்து, கிதாவோ மசயோஷி என்று பெயர் வாங்கினார். அதே ஆசிரியரிடம் படம் கற்ற இன்னொருவர்தான் பின்னால் கதைக்காரராகப் பெரும்புகழ் பெற்ற சாந்தோ கியோதென். மசயோஷி மஞ்சள் அட்டை போட்ட நகைச்சுவைக் கதைப் புத்தகங்களுக்குக் கணக்கில்லாமல் படம் போட்டுத் தள்ளினார். சந்தைக்கு ஓடி ஓடிப் படம் போட்ட கைதான் குறைந்த கோட்டில் நிறையச் சொல்லப் பழகியிருக்க வேண்டும் என்பது என் அனுமானம். 1794-இல் த்சுயாமா நாட்டுப் பிரபு அவரைத் தன் அரண்மனை ஓவியராக எடுத்துக்கொண்டார். பாய் முடைகிறவர் மகன் பிரபுவின் ஓவியர்! அதன் பிறகு கானோ மரபின் ஆசிரியரிடம் போய் மறுபடி சீடனாக உட்கார்ந்து கற்றார், குவகதா கெய்சாய் ஆனார். அரண்மனைச் சம்பளம் வந்த பிறகு பட்டுத் திரையில் மயில் வரைந்து நிம்மதியாக இருந்திருக்கலாம். இவர் என்ன செய்தார்? 1795-இல் சுருக்கக் கோட்டோவியப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். 1797-இல் நம் விலங்குகள். 1799-இல் மனிதர்கள், 1800-இல் மலையும் ஆறும், 1802-இல் மீனும் சிப்பியும், 1813-இல் செடிகொடி. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் ஒருமுறை சுருக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார் மனுஷன்!

இதே ஆள்தான் 1809-இல் எடோ நகரம் முழுவதையும், ஆறு, பாலம், கோட்டை, கூரை கூரையாக வீடுகள், தூரத்தில் ஃபூஜி மலை என்று பறவை பார்ப்பதுபோல் ஆறு மடிப்புத் திரை ஒன்றில் வரைந்து வைத்தார். அதன் நகல் இன்று டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் பார்வை மாடத்தில் இருக்கிறது, ஜன்னலில் இன்றைய நகரத்தையும் இதில் அன்றைய நகரத்தையும் மாறி மாறிப் பார்க்கலாம். நான் அங்கே போய் நின்றபோது எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள், நான் திரைக்கு முதுகைக் காட்டாமல் நின்றேன். இத்தனை ஆயிரம் கூரையையும் ஒன்று விடாமல் போடத் தெரிந்த கைதான் பூனைக்கு மூன்று கோடு போதும் என்று நிறுத்திக்கொண்டது! வரையத் தெரியாமல் சுருக்கவில்லை ஐயா, எல்லாம் வரையத் தெரிந்தவன் சுருக்கியிருக்கிறான்.

ஹொகுசாயை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்தப் பேரலைப் படத்தின் ஓவியர். அவர் 1812-இல் எளிதாக வரையக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை வெளியிட்டார், 1814-இல் 'ஹொகுசாய் மங்கா' வரிசையைத் தொடங்கினார், உலகமே கொண்டாடியது, இன்றும் கொண்டாடுகிறது. நம் ஆள் என்ன சொன்னார் தெரியுமா? அந்த ஹொகுசாய் எப்போதும் பிறர் செய்ததைப் பார்த்துத்தான் செய்வார், தானாக எதையும் தொடங்கியதில்லை என்று அலுத்துக்கொண்டதாக ஒரு பழைய எடோ நகரக் குறிப்பு இருக்கிறது. எனக்கு அதைப் படித்ததும் சந்தோஷம் தாங்கவில்லை! இத்தனை சாந்தமான பூனையை வரைந்தவருக்கு இப்படி ஒரு முணுமுணுப்பு இருந்திருக்கிறதே! ஹொகுசாய் பெரியவர், மறுப்பேனா, அவர் கோடு மின்னும், துள்ளும், என்னைப் பார் பார் என்னும். கெய்சாயின் கோடு நம்மைக் கூப்பிடவே கூப்பிடாது. குட்டி புரள்கிறது, குருவி சண்டை போடுகிறது, நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அதனாலேயே நான் ஓடிப் போகிறேன்.

குறையே இல்லையா என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சில பக்கங்களில் கூட்டம் அதிகம். ஒரே தாளில் இத்தனை பேரை அடைத்திருக்க வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் கொடுத்திருக்கலாம். பழகுகிறவர்களுக்கான மாதிரிப் புத்தகம் ஆயிற்றே, காகிதச் செலவு பார்த்திருப்பார்கள். சொல்லியாயிற்று. மறந்துவிடுங்கள்.

இப்போது எலிகள்! பெரியவரிடம் இருந்த புத்தகம் விலைக்கு வாங்கும்படியாக இல்லை, என் சம்பளத்துக்கு இல்லை. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்தார், கைதட்டியதையும் பார்த்திருந்தார், கல்லாவுக்குக் கீழே குனிந்து ஓர் உறையை எடுத்தார். தையல் பிரிந்து போன பிரதி ஒன்றிலிருந்து மிஞ்சிய ஒற்றை இதழ். எலிகள்! மூலையில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று, பொந்து வேண்டுமே என்று பூச்சியே எலிகளுக்குச் செய்து கொடுத்ததுபோல. ஒரு எலி முன்னங்கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எதையோ கொறிக்கிறது, உடம்பு ஒரே உருட்டு, வால் நீளமாக, அவசரமே இல்லாமல், தாளின் பாதித் தூரம் போகிறது. அந்த வாலைச் செதுக்கியவனை நினைத்துக்கொள்கிறேன், மூச்சைப் பிடித்து, மயிரிழை அகலத்துக்கு மரத்தை விட்டு, இரண்டு கரையும் வெட்டி, இத்தனை நீளம் உடையாமல்! ஓர் இடத்தில் உளி நழுவியிருந்தால் எலிக்கு வால் போயிருக்கும். நழுவவில்லை. விலையைச் சொன்னார். நான் நண்பனைப் பார்த்தேன். "மச்சான், கறிச்சோறு நீ வாங்கிக் குடு" என்றேன். வாங்கிக் கொடுத்தான், வழியெல்லாம் திட்டிக்கொண்டே. நான் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு சாப்பிட்டேன், குழம்பு தெறித்துவிடுமோ என்று ஒரு கையால்.

சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், வெயில் படாத சுவரில், ஜிம்போச்சோக்காரர்கள் சொல்லிக் கொடுத்தபடி. வருகிறவர்களை எல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிறேன். "இதுல என்ன இருக்கு, எம் பேரனே போடுவான்" என்றார் பெரியம்மா. "போடச் சொல்லுங்க பெரியம்மா" என்று பென்சிலும் தாளும் எடுத்துக் கொடுத்தேன். பேரன் போட்டான், மீசை போட்டான், பல் போட்டான், கண்ணுக்குள் கறுப்பு வைத்தான், சட்டை பொத்தான்கூட வைத்தான். பெரியம்மா அதையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போனார். நான் ஒன்றும் பேசவில்லை, உள்ளுக்குள் குதித்தேன்!

உங்களுக்கு டோக்கியோ போக வேண்டிய அவசியமில்லை. ஜப்பானின் தேசிய டயட் நூலகம் இந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக மின்வடிவில் வைத்திருக்கிறது, காசு கேட்பதில்லை. இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உட்காருங்கள். கைப்பேசியில் வேண்டாம், பெரிய திரையில் திறவுங்கள். அவசரமாகத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஒரு பிராணியைப் பிடியுங்கள், கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே தடிக்கிறது, எங்கே விட்டுவிட்டுப் போகிறது என்று விரலால் காற்றில் ஓட்டிப் பாருங்கள். தாளின் நார் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்குங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு முன்னால் சிரிக்கும், பந்தயம். அப்புறம் எனக்குச் சொல்லுங்கள், எந்தப் பிராணி உங்களைச் சாய்த்தது என்று. என் நண்பன் இப்போது நாய்க்குட்டிக் கட்சி, பசியோடு நின்றவன்தான், இரவில் தூங்காமல் பக்கம் புரட்டுகிறானாம். பெரியம்மா வாயே திறக்காமல் பூனைப் பக்கம் சாய்ந்துவிட்டார். நான் எலிக் கட்சி, கடைசி வரை எலிக் கட்சி, அந்த வாலுக்காக யாரோடு வேண்டுமானாலும் வாதாடத் தயார், வாருங்கள்!